முதுமை ஆராய்ச்சியும் சொல் என்னும் அளவுகோலும்

ஒருவர் நலமாக இருக்கிறாரா என்பதை அறிய இரண்டே வழிகள் உள்ளன. ஒன்று, அவரைக் கேட்பது; மற்றொன்று, அவரை அளப்பது. கேட்பது எளிது; செலவும் குறைவு; சாலை வசதியில்லாத சிற்றூரிலும் செய்யக்கூடியது. அளப்பதற்கோ கருவி வேண்டும். பயிற்சி பெற்றவர் வேண்டும். அளக்கப்படுபவரின் இசைவும் பொறுமையும் வேண்டும். இவ்விரு வழிகளும் ஒரே விடையைத் தருமாயின் ஆராய்ச்சியாளருக்குத் தொல்லை இல்லை. ஆனால், அவை பெரும்பாலும் ஒரே விடையைத் தருவதில்லை என்பதே முதுமை பற்றிய பன்னாட்டு ஆராய்ச்சிகள் உணர்த்தும் பாடமாகும்.

உலகச் சுகாதார நிறுவனம், உலக முதுமை குறித்தும் வயது வந்தோர் உடல்நலம் குறித்தும் ஆறு நாடுகளில் நடத்திய பேராய்வு இப்பாடத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆங்கிலப் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து அதனை 'சேஜ்' என்று சுருக்கி அழைப்பர். அவ்வாய்வு எதனைச் சாதித்தது, எங்கே தடுமாறியது, அத்தடுமாற்றத்தில் மொழிக்கு உள்ள பங்கு யாது என்பனவே ஈண்டு ஆராயத்தக்கவை. மருத்துவர்க்கும் பொருளியலார்க்கும் மட்டுமே உரிய செய்தி இது என்று தமிழாசிரியர் ஒதுக்கிவிட இயலாது. ஏனெனில், அவ்வாய்வு கையாண்ட கருவிகளுள் மிக நுண்ணியது வினாவில் அமைந்த சொல்லே.

நெடுங்கால ஆராய்ச்சியின் தேவை

ஒரே நாளில் முப்பது வயதினர் நூறு பேரையும் எழுபது வயதினர் நூறு பேரையும் அழைத்து நினைவாற்றலைச் சோதித்தால், இளையோர் முந்துவர், முதியோர் பிந்துவர். இதிலிருந்து, நாற்பது ஆண்டுகளில் நினைவாற்றல் இவ்வளவு தேய்கிறது என்று முடிவு கட்டுவது பிழையாகும். அந்த எழுபது வயதினர் சிறு வயதில் பள்ளிக்குச் செல்லாதவராக இருக்கலாம். பசியிலும் போரிலும் வளர்ந்தவராக இருக்கலாம். ஆகவே, காணப்படும் வேறுபாட்டில் வயதின் பங்கு எவ்வளவு, தலைமுறையின் பங்கு எவ்வளவு என்று அச்சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துச் சொல்ல வேண்டுமாயின், அதே மனிதரை ஆண்டுகள் பல கடந்த பின்னர் மீண்டும் சந்திக்க வேண்டும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வார்னர் ஷாய் என்னும் உளநூல் அறிஞர் 1956-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு, ஏழாண்டுக்கு ஒரு முறை இவ்வாறே செய்தது. ஒரே காலத்தில் எடுத்த கணக்கு அறிவாற்றலின் தேய்வை மிகைப்படுத்திக் காட்டுகிறது என்பதை அது நிலைநாட்டியது.

இத்தகைய நெடுங்கால ஆய்வுகளுள் மூத்தவை சில உண்டு. பிரேமிங்ஹாம் என்னும் சிற்றூரில் 1948-இல் 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய இதயநோய் ஆய்வு, இரத்த அழுத்தமும் புகைபிடித்தலும் நெஞ்சை எவ்வாறு தாக்குகின்றன என்பதை உலகுக்கு உணர்த்திற்று. பால்ட்டிமோர் நகரின் முதுமை ஆய்வு 1958-இல் தொடங்கியது. தொடங்கிய நாளிலிருந்து 1978-ஆம் ஆண்டு வரையில் அதில் பெண்கள் சேர்க்கப்படவில்லை. ஆண்களை மட்டுமே அளந்துவிட்டு 'மனிதர் முதுமை அடைவது இவ்வாறு' என்று இருபது ஆண்டுகள் பேசிய ஆய்வு அது. யாரைச் சேர்த்தோம், யாரை விட்டோம் என்னும் கேள்வி எத்துணைப் பெரிய கேள்வி என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பின்னர், அமெரிக்காவில் உடல்நலமும் ஓய்வுக்காலமும் பற்றிய ஆய்வு 1992-இலும், இங்கிலாந்தின் முதுமை ஆய்வு 2002-இலும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் கூட்டாய்வு 2004-இலும் தோன்றின. இவை யாவும் செல்வ நாடுகளின் முயற்சிகள். உலகின் முதியோரில் பெரும் பகுதியினர் வாழ்வதோ, வருவாய் குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலுமாகும். ஓய்வூதியம் இல்லாத உழவர், பிள்ளைகளை நம்பி வாழும் கைம்பெண், தம் பிறந்த ஆண்டையே உறுதியாகச் சொல்ல இயலாத பாட்டனார் ஆகியோர் அந்த ஏடுகளில் இடம்பெறவில்லை. அக்குறையை நிரப்ப எழுந்ததே சேஜ் ஆய்வு.

ஆறு நாடுகளின் பேராய்வு

சீனா, கானா, இந்தியா, மெக்சிகோ, ருஷ்யா, தென் ஆப்பிரிக்கா என்பன அந்த ஆறு நாடுகள். 2002 முதல் 2004 வரை எழுபது நாடுகளில் நடைபெற்ற உலகச் சுகாதாரக் கணக்கெடுப்பே இதற்கு அடித்தளம். அந்த எழுபதில் மலேசியாவும் ஒன்று. ஆறு நாடுகளிலும் முதற்சுற்று 2007 முதல் 2010 வரை நடந்தது. ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர் 34,124 பேர். ஒப்பு நோக்குவதற்காகச் சேர்க்கப்பட்ட 18 முதல் 49 வயது வரையிலானோர் 8,340 பேர். இந்தியாவில் அசாம், கர்நாடகம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளம் ஆகிய ஆறு மாநிலங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தமிழ்நாடு அவற்றுள் இல்லை.

ஆய்வாளர் வினாப்பட்டியலோடு மட்டும் வீடு தேடிச் செல்லவில்லை. எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றை அளந்தனர். இரத்த அழுத்தத்தை ஒரு முறைக்கு மூன்று முறை பார்த்தனர். கைப்பிடியின் வலுவைக் கருவியால் கணித்தனர். நான்கு மீட்டர் தொலைவை இயல்பாகவும் விரைவாகவும் நடக்கச் சொல்லி நேரத்தைக் குறித்தனர். பார்வை, மூச்சின் வலிமை, நினைவாற்றல் ஆகியவையும் சோதிக்கப்பட்டன. செல்வ நாடுகளின் ஆய்வுகளோடு ஒப்பிடத்தக்க வகையில், ஆறு நாடுகளின் எளிய இல்லங்களில் இவ்வளவும் செய்யப்பட்டமை பாராட்டுக்குரியது. கானாவின் மூதாட்டியும் மெக்சிகோவின் முதியவரும் ஒரே அளவையில் முதன்முறையாக நிறுத்தப்பட்டனர் எனலாம்.

ஆயினும், நெடுங்கால ஆய்வு என்னும் பெயருக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்பது திறனாய்வின் கடமை. முன்னைய உலகக் கணக்கெடுப்பிலும் சேஜ் முதற்சுற்றிலும் ஆகிய இரண்டிலும் கலந்துகொண்டவர் நான்கு நாடுகளில் 8,160 பேரே. மொத்தத்தில் இது ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. எஞ்சிய பெரும்பாலோர் அப்போதுதான் புதிதாகச் சேர்க்கப்பட்டவர். மீண்டும் சந்திப்பதே நெடுங்கால ஆய்வின் உயிர்நாடி. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே நீண்ட இடைவெளி விழுமானால், முதியோரில் பலர் மறைந்துவிடுவர். சிலர் மகன் வீட்டுக்கோ மகள் ஊருக்கோ குடிபெயர்ந்துவிடுவர். எஞ்சியிருப்போர் வலியவர், அவரை மட்டுமே கண்டு 'முதுமை இவ்வளவு இனிது' என்று எழுதிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.

ஒரு வினா, பல உலகங்கள்

இவ்வகை ஆய்வுகள் அனைத்திலும் தவறாது இடம்பெறும் வினா ஒன்று உண்டு. இன்று உங்கள் உடல்நலம் பொதுவாக எப்படி இருக்கிறது என்பதே அது. மிக நன்று, நன்று, நடுத்தரம், மோசம், மிக மோசம் என்னும் ஐந்து விடைகளுள் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த எளிய வினாவின் ஆற்றல் வியக்கத்தக்கது. ஐட்லர், பென்யாமினி என்னும் இருவர் 1997-இல் இருபத்தேழு ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். தம் உடல்நலம் மோசம் என்று சொன்னவர் அதன் பின்னர் விரைவில் இறக்கும் வாய்ப்பு மிகுதி என்பது ஏறத்தாழ அனைத்திலும் தெரியவந்தது. மருத்துவர் கண்டறிந்த நோய்களையும் கணக்கில் கொண்ட பின்னரும் அவ்விடைக்குத் தனி மதிப்பு இருந்தது. தம் உடலைப் பற்றி மனிதர் அறிந்தது, ஏட்டில் எழுதப்பட்டதைவிட மிகுதி போலும்.

ஓர் ஊருக்குள், ஒத்த வாழ்க்கையும் ஒத்த பேச்சும் உடையோரிடையே இவ்வினா நன்கு பயன்படுகிறது. எல்லை தாண்டியதும் தடுமாறுகிறது. பேராசிரியர் அமர்த்தியா சென் 2002-இல் பிரிட்டனின் மருத்துவ இதழொன்றில் எழுதிய சிறு கட்டுரை இதனைச் சுட்டிற்று. இந்திய மாநிலங்களுள் எழுத்தறிவிலும் நீண்ட ஆயுளிலும் முதன்மை பெற்றது கேரளம். அம்மாநில மக்களே தமக்கு நோய் உண்டு என்று மிகுதியாகச் சொன்னவர். ஆயுள் குறைந்ததும் மருத்துவ வசதியும் கல்வியும் பின்தங்கியதுமான பீகாரிலோ நோய் உண்டு என்று சொன்னவர் மிகக் குறைவு. சொன்னதை அப்படியே நம்பினால், பீகாரே நலம் மிக்க நாடு என்றும், மருத்துவமனைகள் கேரளத்திற்கே வேண்டும் என்றும் முடிவு செய்ய நேரும்.

இதனினும் உருக்கமான சான்றொன்றையும் சென் எடுத்துக்காட்டியுள்ளார். 1943-இல் வங்கத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. மறு ஆண்டில் கல்கத்தாவை அடுத்த சிங்கூர்ப் பகுதியில் சுகாதாரக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. மனைவியை இழந்த ஆடவருள் 48.5 விழுக்காட்டினர் தாம் நோயுற்றிருப்பதாகவோ நலம் குன்றியிருப்பதாகவோ கூறினர். கணவரை இழந்த பெண்டிருள் அவ்வாறு கூறியவர் 2.5 விழுக்காட்டினரே. பஞ்சம் கைம்பெண்களைத் தொடாமல் விட்டது என்று எவரும் நம்பமாட்டார். குறைபட்டுக்கொள்வதற்கும் ஓர் உரிமை வேண்டும். அவ்வுரிமை தமக்கு உண்டு என்னும் எண்ணமே இல்லாதார் 'எனக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று சொல்லிவிடுவர். அச்சொல் கணக்கேட்டில் ஏறும்போது துன்பம் மறைந்துபோகிறது.

சென் சொன்னதை எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. எஸ். வி. சுப்பிரமணியனும் உடன் ஆராய்ந்தோரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு மாற்றுக் கருத்தொன்றை முன்வைத்தது. மாநிலங்களை ஒப்பிடாமல், தனி மனிதரை ஒப்பிட்டுப் பார்த்தால், இந்தியாவிலும் கல்வி குறைந்தவரே தம் உடல்நலம் மோசம் என்று மிகுதியாகக் கூறுகின்றனர் என்பது அவர்தம் முடிவு. ஏழையின் சொல்லை நம்பவே கூடாது என்று முடிவு கட்டுவதும் அநீதியே என்பதை இம்மறுப்பு நினைவூட்டுகிறது. இரு தரப்பினரும் கூறுவதைச் சீர்தூக்கினால், ஒரு சமுதாயத்திற்குள் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்பதும், சமுதாயங்களை வரிசைப்படுத்தும் அளவுகோலாக அச்சொல்லைக் கொள்வது தவறு என்பதும் புலனாகும்.

கற்பனை மாந்தரின் துணை

இச்சிக்கலை ஆய்வாளர் அறியாதவர் அல்லர். அதனைத் தீர்க்க அவர் கண்ட வழி இலக்கிய மாணவர்க்குச் சுவை தரக்கூடியது. விடை சொல்பவரிடம் அவர் நிலையைக் கேட்பதோடு, கற்பனை மாந்தர் சிலரைப் பற்றிய குறிப்புகளையும் படித்துக் காட்டுவர். முத்தம்மாள் இருநூறு மீட்டர் தொல்லையின்றி நடப்பார். ஒரு கிலோமீட்டர் நடந்தால் களைத்துவிடுவார். அவருக்கு நடப்பதில் எவ்வளவு சிரமம் என்று நீங்கள் கருதுகிறீர்கள்? இவ்வாறு கேட்பர். இந்த முத்தம்மாளுக்குச் 'சிரமமே இல்லை' என்று ஓர் ஊரார் சொல்ல, 'கடுமையான சிரமம்' என்று மற்றோர் ஊரார் சொன்னால், இரண்டு ஊர்களின் அளவுகோலும் வேறு என்பது வெளிப்படும். அந்த வேறுபாட்டைக் கழித்துவிட்டு அவரவர் சொந்த விடையை ஒப்பிடலாம்.

கேரி கிங் என்பாரும் உடன் ஆராய்ந்தோரும் 2004-இல் இம்முறையை விளக்கினர். அவர் எடுத்துக்கொண்டது அரசியல் பற்றிய வினா. அரசாங்கத்தின் செயலில் தமக்கு எவ்வளவு செல்வாக்கு உண்டு என்று கேட்டபோது, தேர்தலால் ஆட்சியை மாற்றிய மெக்சிகோ மக்களைவிடச் சீன மக்கள் தமக்கு மிகுந்த செல்வாக்கு உண்டு என்று கூறினர். கற்பனை மாந்தர் குறிப்புகளைக் கொண்டு திருத்தியதும் அம்முடிவு தலைகீழாயிற்று. உடல்நல வினாக்களுக்கும் இம்முறை பயன்பட்டது. உலகச் சுகாதாரக் கணக்கெடுப்பிலும் சேஜ் ஆய்விலும் இடம்பெற்றது.

முறை நுட்பமானது, ஆனால், இரண்டு நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. முதலாவது, தம்மை மதிப்பிடும் அதே கோலால்தான் ஒருவர் கற்பனை மாந்தரையும் மதிப்பிடுகிறார் என்பது. இரண்டாவது, படித்துக் காட்டிய குறிப்பை எல்லா நாட்டாரும் ஒரே வகையில் புரிந்துகொள்கின்றனர் என்பது. இங்கிலாந்தின் முதுமை ஆய்வைக் கொண்டு 2011-இல் இந்நம்பிக்கைகளைச் சோதித்தபோது அவை உறுதியாக நிற்கவில்லை. காரணம் காண்பது அரிதன்று. தம் வலியைச் சிறிதென்று சொல்லும் தாய், பிறர் வலியைப் பெரிதென்று சொல்வாள். 'ஒரு கிலோமீட்டர்' என்னும் தொலைவு, நாள்தோறும் தண்ணீருக்கு நடப்பவருக்கு ஒரு பொருளும், பேருந்தில் செல்பவருக்கு மற்றொரு பொருளும் தரும். சொல்லின் பிழையைத் திருத்த மீண்டும் சொல்லையே நாடியதால் விளைந்த இடர்ப்பாடு இது. திருத்தும் கருவிக்கும் திருத்தம் தேவைப்பட்டது.

அளவையும் மொழியும்

அப்படியாயின், கேட்பதை விட்டுவிட்டு அளப்பதை மட்டும் நம்பலாமா? சேஜ் ஆய்வின் இரத்த அழுத்தக் கணக்கு அத்தகைய எண்ணத்தைத் தூண்டக்கூடியது. லாயிட்-ஷெர்லாக்கும் உடன் ஆராய்ந்தோரும் 2014-இல் அக்கணக்கை வெளியிட்டனர். ஆறு நாடுகளிலும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டோருள் 52.9 விழுக்காட்டினர்க்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது, இந்தியாவில் 32.3, தென் ஆப்பிரிக்காவில் 77.9 விழுக்காடு. அந்நோய் உடையவருள் தமக்கு அது இருப்பதை அறிந்திருந்தவர் 48.3 விழுக்காட்டினரே. கானாவில் இது 23.3 ஆகவும், ருஷ்யாவில் 72.1 ஆகவும் இருந்தது. மருந்தால் கட்டுக்குள் வைத்திருந்தவர் பத்தில் ஒருவரே. வெறுமனே கேட்டிருந்தால், நோயுற்றோரில் பாதிப்பேர் 'இல்லை' என்றே சொல்லியிருப்பர்; அவர் பொய் சொன்னவரும் ஆகார். எவரும் அவரை அளந்து பார்த்ததில்லை. ஆதலால் அவர்க்கும் தெரியாது. கருவி கண்டதைச் சொல் காணவில்லை.

ஆனால், முதுமையின் துன்பங்கள் யாவும் கருவிக்குள் அடங்குவன அல்ல. வலி, தூக்கமின்மை, தனிமை, துணையை இழந்த துயரம் இவற்றைக் கேட்டே அறிய முடியும். மேலும், அளவை என்று பெயர் பெற்ற சோதனைகள் சிலவற்றுள்ளும் மொழி ஒளிந்திருக்கிறது. சேஜ் ஆய்வின் அறிவாற்றல் சோதனைகளுள் மூன்றை எடுத்துக்கொள்ளலாம்: பத்துச் சொற்களைக் கேட்டு நினைவிலிருந்து திருப்பிச் சொல்லுதல், எண் வரிசையைக் கேட்டு அவ்வாறே திருப்பிச் சொல்லுதல், ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயரைச் சொல்ல முடிகிறது என்று பார்த்தல்.

எண் வரிசைச் சோதனை எந்நாட்டார்க்கும் பொதுவானது போலத் தோன்றும். எல்லிஸ், ஹெனெல்லி என்னும் இருவர் 1980-இல் வெல்ஷ் மொழியும் ஆங்கிலமும் அறிந்தவரிடையே நடத்திய ஆய்வு அதனை மறுக்கிறது. வெல்ஷ் மொழியின் எண்ணுப்பெயர்களை ஒலிக்கச் சற்று நேரம் மிகுதியாகும். ஆகவே, அதே மனிதர்கள் ஆங்கிலத்தில் நினைவு வைத்த அளவுக்கு வெல்ஷ் மொழியில் எண்களை நினைவு வைக்க முடியவில்லை. குறை நினைவில் இல்லை. சொல்லின் நீளத்தில் இருந்தது. சீன மொழியின் எண்ணுப்பெயர்கள் ஓரசைச் சொற்கள். சீன மொழியில் சோதிக்கப்படுவோர் நீண்ட வரிசையை நினைவு வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இத்தகைய வேறுபாட்டைக் கருதாமல் சீன முதியவரையும் இந்திய முதியவரையும் ஒப்பிட்டு, எவருக்கு மூளைத் தேய்வு மிகுதி என்று பேசுவது தகாது.

விலங்குச் சோதனையோ தமிழாசிரியர்க்கு உடனே விளங்கக்கூடியது. அச்சோதனையின் ஆங்கிலச் சொல் பறவையையும் மீனையும் உள்ளடக்கும். காக்கை என்றாலும் கெண்டை என்றாலும் மதிப்பெண் உண்டு. தமிழில் 'விலங்கு' என்று கேட்டால், மூதாட்டி ஆடு, மாடு, நாய், நரி என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். காக்கையை விலங்கு என்று சொல்ல அவர் நா எழாது. 'மிருகம்' என்று கேட்டால், சிலர் காட்டு மிருகங்களை மட்டும் நினைக்கக்கூடும். 'உயிரினம்' என்று கேட்டால், அது பள்ளிப் பாடநூலின் சொல். பள்ளி செல்லாதவர் விழிப்பார். மொழிபெயர்த்தவர் தேர்ந்த ஒரு சொல், முதியவரின் மதிப்பெண்ணை ஏற்றவோ இறக்கவோ வல்லது. அறிவு மங்கிவிட்டது என்று குறிக்கப்படுபவர், உண்மையில் தமிழை நன்கு அறிந்தவராகவும் இருக்கலாம்.

தமிழில் கேட்கப்படும் வினா

இது வெறும் கற்பனைச் சிக்கல் அன்று. இந்தியாவின் நெடுங்கால முதுமை ஆய்வு, முதற்சுற்றை 2017, 2018 ஆம் ஆண்டுகளில் நடத்தியது. மும்பையில் உள்ள அனைத்துலக மக்கள்தொகை ஆய்வு நிறுவனம், அமெரிக்காவின் ஹார்வர்டு, தென் கலிபோர்னியா ஆகிய இரு பல்கலைக்கழகங்களுடன் இணைந்து நடத்திய ஆய்வு அது. 45 வயதும் அதற்கு மேலும் ஆனவரும் அவர்தம் வாழ்க்கைத் துணைவருமாக 72,000-க்கும் மேற்பட்டோர் அதில் இடம்பெற்றனர். அறிக்கை 2021 ஜனவரியில் வெளிவந்தது. சேஜ் ஆய்வு விட்டுச் சென்ற தமிழ்நாடு இதில் உண்டு. ஆகவே, முதுமை பற்றிய பேராய்வின் வினாக்கள் தமிழ் முதியோரின் செவியை எட்டிவிட்டன.

தமிழில் நலம் கேட்பது முதலில் ஒரு வழக்கம். பிறகே அது வினா. 'சுகந்தானா?' என்றால் 'சுகம்' என்பதே முறையான மறுமொழி. வீட்டு வாயிலில் வந்து நிற்கும் அயலாரிடம் நோயை எடுத்துரைப்பது பண்பன்று என்று வளர்ந்தவர் அவர். 'உடம்புக்கு ஏதும் தொந்தரவு உண்டா?' என்று கேட்டால் வரும் விடை வேறு. 'உங்கள் ஆரோக்கியம் எவ்வாறுள்ளது?' என்று கேட்டால் வரும் விடை வேறு. வலிக்கு 'நடுத்தரம்' என்று படி அமைத்தால், தமிழ் பேசும் எவரும் அவ்வாறு பேசுவதில்லை. 'கொஞ்சம் வலி', 'தாங்க முடிகிற வலி', 'உயிர் போகிற வலி' என்றே மக்கள் சொல்வர். மனச்சோர்வைப் பற்றிக் கேட்கும்போது, 'மனச்சோர்வு' என்னும் சொல் மருத்துவ நூலுக்கு உரியது. 'மனசு சரியில்லை' என்பதே நாவில் வருவது.

நோயின் பெயரும் ஊருக்கு ஊர் மாறும். தமிழ்நாட்டில் 'சர்க்கரை' என்று கேட்டால் புரிந்துகொள்வர். மலேசியாவின் முதியவர் பலர்க்கு அது 'இனிப்பு நீர்'. 'நீரிழிவு' என்பது இரு நாட்டிலும் படித்தவர் சொல். சென்னையில் அச்சிட்ட வினாப்பட்டியலைக் கிள்ளானுக்கு அப்படியே கொண்டுவந்தால், மொழி ஒன்றேயாயினும் அளவு ஒன்றாகாது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் ஒன்று 2018-இல் மலேசியாவின் முதுமையும் ஓய்வுக்காலமும் பற்றிய ஆய்வைத் தொடங்கிய பின்னர், இது இந்நாட்டினரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகிவிட்டது.

மற்றொன்றும் கருதத்தக்கது. நலம் என்பதன் எல்லையையே மொழிகள் வேறுவேறாக வகுத்துள்ளன. ஆண்டுகள் பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் யாது என்று வினவப்பட்ட பிசிராந்தையார், உணவையோ மருந்தையோ கூறவில்லை. மனைவி மக்களையும், ஏவலரையும், அரசனையும், தம் ஊரில் வாழும் சான்றோரையும் காரணமாகக் கூறியமையைப் புறநானூறு காட்டுகிறது. தனி ஒருவரின் உடலுக்குள் மட்டும் நலத்தைத் தேடும் வினாப்பட்டியல், இத்தகைய விடையை எந்தக் கட்டத்தில் குறித்துக்கொள்ளும்? குடும்பம், வருவாய், அக்கம்பக்கத்துறவு ஆகியவை பற்றியும் சேஜ் ஆய்வு தனித்தனியே கேட்டது என்பது உண்மை. ஆயினும் உடல்நல வினாவைத் தனியாகப் பிரித்தெடுத்து, நாடுகளை முதல், இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தும் கட்டுரைகள் அந்த ஒருமையைச் சிதைத்துவிடுகின்றன.

முடிவாகக் கொள்ளத்தக்கவை

சேஜ் போன்ற ஆய்வுகளைக் குறை காண்பது எளிது. அவை இல்லாத உலகை எண்ணிப் பார்த்தால் அவற்றின் அருமை தெரியும். கேட்டதோடு நில்லாமல் அளந்தமையும், சொல்லின் பிழையைத் தாமே உணர்ந்து திருத்த முயன்றமையும் அவ்வாய்வின் சிறப்புகள். அதன் தரவுகளைக் கையாள்வோர் அந்த எச்சரிக்கையை மறந்து, விடையை உண்மையெனவே கொண்டுவிடுவதுதான் குறை.

மூன்று செய்திகள் இதிலிருந்து பெறத்தக்கவை. ஒன்று: முதியவர் சொன்னதற்கும் கருவி காட்டியதற்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பிழை என்று கழித்துவிடலாகாது. தம் நோயை அறியாதவர் யார், அறிந்தும் சொல்லாதவர் யார் என்பதை அவ்வேறுபாடே காட்டித் தருகிறது. உதவி செல்ல வேண்டிய இடமும் அதுவே. இரண்டு: ஒரே நாட்டில் ஒரே மனிதரை மீண்டும் மீண்டும் கேட்டுப் பெறும் விடைக்கு, நாடுகளை ஒரு முறை ஒப்பிட்டுப் பெறும் விடையைவிட மதிப்பு மிகுதி. தம் பழைய விடையோடு ஒப்பிடும்போது அவர் கோலும் அவருடையதே. ஆகவே, சுற்றுகள் தவறாமல் நடைபெற வேண்டும். விட்டுப்போனவரைத் தேடிப்பிடிக்க வேண்டும்.

மூன்றாவது செய்தி மொழிப் புலமையுடையோர்க்கு உரியது. வினாவை மொழிபெயர்ப்பதைக் கடைசி நாளில் செய்து முடிக்கும் அலுவலகப் பணியாக எண்ணுதல் கூடாது. ஒரு மொழிக்குப் பெயர்த்ததை வேறொருவர் மீண்டும் மூலமொழிக்குத் திருப்பிப் பார்ப்பது ஆய்வாளர் பலர் மேற்கொள்ளும் வழக்கம். அது போதாது. திருப்பிப் பெயர்க்கும்போது 'விலங்கு' ஆங்கிலச் சொல்லாகச் சரியாகவே திரும்பிவிடும். காக்கை விடுபட்டது தெரியாது. பள்ளிக்குச் சென்றிராத முதியோரிடம் வினாவைச் சொல்லி, அவர் அதனை எவ்வாறு புரிந்துகொண்டார் என்று அவர் வாயாலேயே சொல்லச் செய்து கேட்டறிதல் வேண்டும். எழுத்துத் தமிழையும் பேச்சுத் தமிழையும், தமிழ்நாட்டு வழக்கையும் மலேசிய சிங்கப்பூர் வழக்கையும் நன்கறிந்த ஆசிரியரைத் தவிர, அப்பணிக்குத் தக்கவர் வேறு யாவர்?

சிங்கூரில் 'நலம்' என்று சொன்ன கைம்பெண்களின் சொல் 2.5 என்னும் எண்ணாகச் சுருங்கி ஏட்டில் நின்றது. பிற்காலத்தில் ஓர் அறிஞர் அதனை ஐயுற்று நோக்கியமையால்தான் அவர்களின் துன்பம் உலகுக்குப் புலப்பட்டது. தமிழில் கேட்கப்படும் வினாக்களுக்கு அத்தகைய காலத்தாழ்வு நேரக்கூடாது. கேட்கும் நாளிலேயே சொல் சரியாக அமைந்தால், முதியவர் பட்ட துன்பம் அன்றே கணக்கில் ஏறும்.